நுளம்பும் தீவுப் பறவைகளும்: எங்களுக்கு ஒரு பாடம்



நுளம்பு என்றவுடன் எங்களுக்கு நினைவுக்கு வருவது மலேரியாவும் டெங்கும்தான். நுளம்பு மனிதரை மட்டும் கடிக்கிறது, மனிதருக்கு மட்டும் நோயைக் கொண்டு வருகிறது என்று அநேகர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஆனால் இரவில் வளவுக்குள் போய்க் கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். கூட்டைச் சுற்றி நுளம்பு ரீங்காரம் போடும். கோழியின் கொண்டையிலும் கண்ணைச் சுற்றியும் இறகு இல்லாத இடமாகப் பார்த்துக் குந்தும். கோழிக்கும் குருவிக்கும் காட்டுப் பறவைக்கும் நுளம்பால் நோய் வருகிறது. சில தீவுகளில் அந்த நோயால் பறவை இனங்களே பூண்டோடு அழிந்து போயின.

அந்தக் கதை எங்களுக்கு எதற்கு என்று கேட்கலாம். பறவைகளுக்கு ஏன் அப்படி நடந்தது என்று விளங்கிக்கொண்டால், எங்கள் பிள்ளைகளை எப்படிக் காப்பாற்றுவது என்பதும் விளங்கும். அதனால்தான் இம்முறை சுகாதாரப் பாடத்துக்கு இதை எடுத்துக்கொண்டோம். எழுத்து வாசிக்கத் தெரிந்த பிள்ளைகள் வீட்டில் பெரியவர்களுக்கு வாசித்துக் காட்டவும்.

1. கோழிக்கும் மலேரியா உண்டா?

உண்டு. மலேரியாவை உண்டாக்குவது கண்ணுக்குத் தெரியாத ஒரு சிறிய ஒட்டுண்ணிக் கிருமி. அது இரத்தத்தில் உள்ள சிவப்பு அணுக்களுக்குள் புகுந்து, அதைத் தின்று பெருகி, உடைத்துக்கொண்டு வெளியே வரும். அப்படி உடைந்து உடைந்து இரத்தம் குறைந்து போகிறது. மனிதருக்கு வருகிற கிருமி வேறு, பறவைக்கு வருகிற கிருமி வேறு. இரண்டும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை, அவ்வளவுதான்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். கோழி மலேரியா மனிதருக்குத் தொற்றாது. மனித மலேரியா கோழிக்குத் தொற்றாது. கோழி இறைச்சி தின்பதாலோ முட்டை தின்பதாலோ மலேரியா வராது. ஆகவே யாரும் பயந்து கோழியை விற்றுவிட வேண்டாம்.

மலேரியா வந்த கோழி உசாரில்லாமல் ஒரு மூலையில் குந்தியிருக்கும். தீன் எடுக்காது. சிவப்பாக இருந்த கொண்டை வெளிறிப் போகும். எச்சம் பச்சை நிறமாகப் போகலாம். கடுமையானால் கிருமி மூளையிலுள்ள நுண்ணிய இரத்தக் குழாய்களை அடைத்துவிடும். அப்போது கால் இழுத்து, கழுத்துச் சரிந்து, கோழி செத்துப்போகும். இதே அறிகுறிகள் இராணிக்கெட் போன்ற வேறு நோய்களிலும் வருவதால், பார்த்தவுடன் இது மலேரியாதான் என்று நாங்கள் முடிவு கட்ட முடியாது. இரத்தத்தைச் சோதித்துத்தான் சொல்லலாம்.

2. குருவிகள் காட்டித் தந்த உண்மை

மலேரியா நுளம்பால்தான் பரவுகிறது என்ற உண்மையை உலகத்துக்கு முழுமையாக நிரூபித்துக் காட்டியதே பறவைகளை வைத்துத்தான். இது எங்கள் பக்கத்து நாடான இந்தியாவில் நடந்தது. றொனால்ட் றொஸ் என்ற இராணுவ வைத்தியர் 1897 ஆகஸ்ட் 20 ஆம் திகதி செக்கந்தராபாத்தில், மலேரியா நோயாளியைக் கடித்த ஒரு நுளம்பின் வயிற்றுச் சுவரில் கிருமி வளர்வதைக் கண்டார். இன்றைக்கும் அந்த நாளை உலக நுளம்பு தினமாக நினைவுகூருகிறார்கள்.

ஆனால் நுளம்பின் வயிற்றிலிருந்து கிருமி எப்படி அடுத்த உடம்புக்குப் போகிறது? அடுத்த வருடம், 1898 இல், அவர் கல்கத்தாவில் குருவிகளை வைத்து ஆராய்ந்தார். நோயுள்ள குருவியைக் கடித்த நுளம்பை அறுத்துப் பார்த்தபோது, கிருமி அதன் உமிழ்நீர்ச் சுரப்பிக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. அந்த நுளம்புகளைச் சுகமான குருவிகளைக் கடிக்க விட்டார். அவற்றுக்கும் நோய் வந்தது. நுளம்பு கடிக்கும்போது முதலில் தன்னுடைய எச்சிலை உள்ளே விடுகிறது, அந்த எச்சிலோடு கிருமியும் போகிறது என்பது இப்படித்தான் தெரிய வந்தது. இந்த வேலைக்காக 1902 இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

றொஸ் குருவிகளில் பயன்படுத்தியது கியூலெக்ஸ் என்ற வகை நுளம்பு. எங்கள் வீட்டுக் கழிவுக் கானிலும், மூடாத மலகூடக் குழியிலும், நாறுகிற தண்ணீரிலும் பெருகி, இரவில் காதடியில் பாட்டுப் பாடுகிற நுளம்பு இந்த வகைதான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இது மறுபடி வரும்.

3. எங்கள் காட்டுக்கோழி

எங்கள் நாட்டின் தேசியப் பறவை இலங்கைக் காட்டுக்கோழி. உலகத்தில் வேறு எந்த நாட்டிலும் இது இயற்கையாக இல்லை. சேவலின் உடம்பு செம்மஞ்சளும் சிவப்புமாக, செட்டையும் வாலும் கருநீலமாக மினுங்கும். சிவந்த கொண்டையின் நடுவில் மஞ்சள் இருக்கும். அதைப் பார்த்து ஊர்ச்சேவலிலிருந்து பிரித்து அறியலாம். வன்னிக் காட்டிலும் உண்டு, மலைநாட்டுக் காட்டிலும் உண்டு. முரசுமோட்டையிலிருந்து முல்லைத்தீவு வீதியால் கிழக்கே போகிறவர்கள், விடியப்புறத்தில் காட்டோரம் இது மேய்வதைக் கண்டிருப்பார்கள்.

1935 இல் எமில் புறூம்ப் என்ற பிரெஞ்சு அறிஞர், இலங்கைக் கோழியிலிருந்து எடுத்த ஒரு மலேரியாக் கிருமியை முதன்முதலாக விவரித்து அதற்குப் பெயர் வைத்தார். கோழிகளைக் கொல்லுகிற மலேரியாக் கிருமிகளில் மிகவும் பேர்போனது இதுதான். ஆராய்ச்சிக்கூடங்களில் வளர்க்க வசதியாக இருந்தபடியால், இரண்டாம் உலக யுத்த காலத்தில் மனிதருக்கான மலேரியா மருந்துகளைத் தேடியபோது, இந்தக் கிருமி பிடித்த கோழிகளில்தான் பல மருந்துகளைச் சோதித்தார்கள். எங்கள் நாட்டுக் கோழியின் நோய் உலகத்துக்கு மருந்து தேட உதவியது என்று சொன்னால் பிழையில்லை.

இந்தக் கிருமியின் பழைய வீடு காட்டுக்கோழியின் உடம்பு என்றே ஆராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள். காட்டுக்கோழியில் அது இருந்தாலும் பெரிய கேடு செய்வதில்லை. ஆனால் அதே கிருமி வெளிநாட்டு இனக் கோழிக்குள் போனால் மருந்து இல்லாதவிடத்துப் பெருந்தொகையாகக் கொன்றுவிடும்.

இதைக் கோழிக்குக் கொண்டு வருகிற நுளம்பு எது என்பதையும் இலங்கையிலேயே கண்டுபிடித்தார்கள். நைல்ஸ், பெர்னாண்டோ, திசாநாயக்க என்ற மூவரும் 1965 இல் அது மன்சோனியா வகை நுளம்பு என்று வெளியிட்டார்கள். இந்த மன்சோனியாவின் பழக்கம் விசித்திரமானது. மற்ற நுளம்புக் குடம்பிகள் மூச்சு விடுவதற்குத் தண்ணீரின் மேற்பரப்புக்கு வரும். இது வராது. நீர்த்தாவரங்களின் வேரில் தன்னுடைய குழாயைக் குத்தி, அங்கே உள்ள காற்றை உறிஞ்சிக்கொண்டு தண்ணீருக்கு அடியிலேயே இருக்கும். ஆகவே மேலே எண்ணெய் விட்டால் இது சாகாது. வளவுக் குட்டையில் மிதக்கிற ஆகாயத்தாமரை போன்ற பூண்டுகளை வேரோடு அள்ளிக் கரையில் போட்டுக் காய விட்டால்தான் இது அழியும்.

4. ஹவாய்த் தீவுகளில் நடந்தது

இனி நாங்கள் வெகு தூரம் போகப்போகிறோம். பசுபிக் சமுத்திரத்தின் நடுவில் ஹவாய் என்ற தீவுக்கூட்டம் இருக்கிறது. இன்று அது அமெரிக்காவைச் சேர்ந்த ஒரு மாநிலம். எங்கள் நாடு இந்தியாவுக்குப் பக்கத்தில் இருப்பதால் பறவையும் பூச்சியும் நோயும் தொன்றுதொட்டு வந்துபோய்க்கொண்டிருக்கின்றன. ஹவாய் அப்படியல்ல. எந்தக் கண்டத்திலிருந்தும் ஆயிரக்கணக்கான மைல் தள்ளி, தனியாகக் கிடக்கிறது. அங்கே முன்பு ஒரு நுளம்புகூட இருக்கவில்லை.

அந்தத் தீவுகளின் காடுகளில் தேன் குடிக்கிற சிறிய பறவைகள் 50 இனங்களுக்கு மேல் இருந்தன. சில சிவப்பு, சில மஞ்சள், சில பச்சை. சிலவற்றின் சொண்டு அரிவாள் போல வளைந்திருக்கும். அந்த நாட்டு அரசர்களின் மேலங்கிகளை இவற்றின் இறகுகளால் செய்தார்கள். உலகத்தில் வேறெங்கும் இல்லாத பறவைகள் இவை.

1826 இல் மாவுயி என்ற தீவில் லஹைனாத் துறைமுகத்துக்கு ஒரு கப்பல் வந்தது. அதன் தண்ணீர்ப் பீப்பாக்களில் நுளம்புக் குடம்பிகள் இருந்தன என்றும், பீப்பாவைக் கழுவி ஊற்றியபோது அவை கரையிலுள்ள தண்ணீரில் சேர்ந்தன என்றும் சொல்லப்படுகிறது. எந்த நுளம்பு தெரியுமா? எங்கள் கானில் பெருகுகிற அதே கியூலெக்ஸ்தான். எங்களுக்கு அது தூக்கத்தைக் கெடுக்கிற ஒரு தொல்லை. அந்தப் பறவைகளுக்கு அது எமனாகப் போயிற்று.

நுளம்பு வந்த பிறகு, வெளிநாடுகளிலிருந்து கோழிகளும் கூண்டுப் பறவைகளும் கொண்டுவரப்பட்டன. அவற்றோடு பறவை அம்மையும், பின்னர் பறவை மலேரியாவும் வந்து சேர்ந்தன. நோயும் இருக்கிறது, அதைக் காவ நுளம்பும் இருக்கிறது. தாழ்ந்த நிலக் காடுகளில் மரம் இருந்தது, பூ இருந்தது, பறவை மட்டும் இல்லாமல் போயிற்று.

முதலில் இதற்குக் காரணம் தெரியவில்லை. காடு வெட்டியதாலும், எலி, பூனை தின்றதாலும் என்று மட்டும் நினைத்தார்கள். அவையும் காரணங்கள்தான். ஆனால் ரிச்சர்ட் வார்னர் என்ற ஆராய்ச்சியாளர் 1968 இல் தன்னுடைய சோதனைகளை வெளியிட்டார். நுளம்பு இல்லாத இடத்துப் பறவைகளைத் தாழ்நிலத்துக்குக் கொண்டுவந்து கூட்டில் வைத்தார். நுளம்பு கடித்த பறவைகள் சில நாட்களிலும் வாரங்களிலும் செத்தன. நுளம்பு புகாத கூட்டில் இருந்தவை பிழைத்தன. நுளம்பு வலைக்குள் படுத்தவன் பிழைத்தான் என்பது போலத்தான்.

இயீவி என்ற சிவப்புப் பறவையை வைத்து 1990 களில் செய்த சோதனையில், கிருமியுள்ள ஒரேயொரு நுளம்பு கடித்தாலே 10 பறவைகளில் 9 செத்துப்போனது தெரிய வந்தது. ஒரேயொரு கடி!

மிஞ்சிய பறவைகள் மலை உச்சிகளில்தான் பிழைத்திருக்கின்றன. அங்கே குளிர். ஏறத்தாழ 13 பாகை செல்சியசுக்குக் குறைந்த குளிரில் நுளம்பின் வயிற்றுக்குள் கிருமி வளராது. மலைநாட்டில் வாழ்ந்தவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். உயர்ந்த, குளிரான தோட்டங்களில் மலேரியா அருமையாகத்தான் இருந்தது. ஆனால் இப்போது பூமி சூடாகிக்கொண்டு வருவதால், ஹவாயில் நுளம்பு வருடாவருடம் மேலே மேலே ஏறுகிறது. பறவைக்கு ஏற இனி மலை இல்லை. 50 க்கு மேல் இருந்த தேன் பறவை இனங்களில் இன்று சுமார் 17 தான் மிச்சம். 2023 ஒக்ரோபரில் அமெரிக்க அரசு, ஹவாயின் 8 பறவை இனங்கள் இனி உலகத்தில் இல்லை என்று உத்தியோகபூர்வமாக அறிவித்தது. அவற்றில் ஒன்று காவாய்த் தீவிலிருந்த கறுப்புப் பறவை. 1987 க்குப் பிறகு அதன் குரலை யாரும் கேட்கவில்லை.

இன்னொரு சங்கதி. அந்தக் காடுகளில் காட்டுப்பன்றிகள் மரப்பன்னத்தின் தண்டைத் தோண்டித் தின்னும். தோண்டிய குழியில் மழைத்தண்ணீர் நிற்கும். அதில் நுளம்பு பெருகும். ஒரு பன்றி தோண்டிய குழி எத்தனை பறவையைக் கொல்லுகிறது பாருங்கள். எங்கள் வளவில் அந்த வேலையை நாங்கள் எறிகிற சிரட்டை செய்கிறது.

5. அங்கே ஏன் செத்தன, இங்கே ஏன் பிழைத்தன?

பாடத்தின் முக்கியமான இடம் இதுதான். கிருமி ஏறத்தாழ ஒரே மாதிரி. நுளம்பும் பழைய நுளம்புதான். வித்தியாசம் உடம்பில் இருக்கிறது.

எங்கள் காட்டுக்கோழி இந்த நோயோடு எண்ணற்ற தலைமுறையாக வாழ்ந்திருக்கிறது. நோயைத் தாங்க முடியாதவை குஞ்சு பொரிக்க முன்னமே செத்தன. தாங்கியவை குஞ்சு பொரித்தன. அந்தத் தாங்கும் பலம் குஞ்சுக்கும் போயிற்று. இப்படி மிக நீண்ட காலத்தில் உடம்பு நோய்க்குப் பழகிப்போனது. ஹவாய்ப் பறவைக்கு அந்தக் காலம் கிடைக்கவில்லை. பழகாத உடம்பில் புதிய நோய் ஒரேயடியாக விழுந்தது.

அங்கேயும் அமகிஹி என்ற ஒரு பறவை இனத்தில், தாழ்நிலத்தில் வாழ்கிற சில கூட்டங்கள் மெல்ல மெல்ல நோயைத் தாங்கத் தொடங்கியிருக்கின்றன. ஆனால் அதற்கு நூறு வருடமளவில் சென்றது, செத்தவற்றுக்குக் கணக்கில்லை. மற்ற இனங்களுக்கு அந்த அவகாசமும் இல்லை.

பழகாத உடம்பு என்ற இந்த ஒரு சொல்லை மனதில் வைத்துக்கொண்டு, இனி எங்கள் கதைக்கு வருவோம்.

6. மனிதருக்கும் இதே கணக்கு

1934 இல் இலங்கையில் மழை பொய்த்தது. மகா ஓயா, தெதுறு ஓயா போன்ற ஆறுகள் ஓட்டம் நின்று குட்டை குட்டையாகத் தேங்கின. அந்தத் தெளிந்த குட்டைகளில் மலேரியாவைக் காவுகிற அனோபிலிஸ் நுளம்பு கோடிக்கணக்கில் பெருகியது. 1934 கடைசியிலும் 1935 இலும் பரவிய அந்தக் கொள்ளை நோயில் சுமார் 80,000 பேர் இறந்தார்கள்.

கவனிக்க வேண்டியது என்னவென்றால், அதிகம் செத்தது வன்னியில் அல்ல. வருடாவருடம் மலேரியா வருகிற வரண்ட பிரதேசத்து மக்களின் உடம்புக்கு ஓரளவு தாங்கும் சக்தி இருந்தது. கேகாலை, குருநாகல் போன்ற, மழையும் ஓடுகிற ஆறும் உள்ள, வழமையில் மலேரியா குறைந்த மாவட்டங்களில்தான் சனங்கள் குடும்பம் குடும்பமாக விழுந்தார்கள். பழகாத உடம்பு!

எங்களில் பலருடைய தாய் தகப்பன்மார் மலைநாட்டுத் தோட்டங்களிலிருந்து 1958, 1977, 1983 கலவரங்களுக்குப் பின் வன்னிக்கு வந்து குடியேறியவர்கள். குளிர்மலையில் இருந்து வந்த அவர்களைக் காடு வெட்டிக் குடிசை போட்ட முதல் வருடங்களில் வன்னிக் காய்ச்சல் என்ன பாடு படுத்தியது என்று வீட்டில் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். பக்கத்துக் கிராமத்துப் பழைய குடிகள் இரண்டு நாள் படுத்து எழும்பிய காய்ச்சலில் வந்தவர்கள் மாதக்கணக்கில் கிடந்திருப்பார்கள். சோம்பலால் அல்ல. உடம்பு பழகவில்லை.

“அப்படியென்றால் ஐயா, கொஞ்சம் கொஞ்சமாகக் காய்ச்சல் வந்து பழகுறது நல்லம்தானே?” என்று ஒரு கேள்வி வரலாம். இல்லை. மலேரியா உள்ள ஊரில் பெரியவர்களுக்கு வருகிற அந்தத் தாங்கும் சக்தி சும்மா வருவதில்லை. சின்னப் பிள்ளைகளும் பிள்ளைத்தாய்ச்சிகளும் செத்துத்தான் அந்த ஊர் பழகுகிறது. அதுவும் நிலையானதல்ல. சில வருடம் நோய் வராமல் இருந்தால் அந்தச் சக்தி போய்விடும். அந்தப் பழக்கம் எங்களுக்கு வேண்டாம். நோயே வராமல் பார்ப்பதுதான் புத்தி.

7. இன்று எங்கட நிலை என்ன?

நல்ல செய்தி முதலில். 2012 ஒக்ரோபருக்குப் பிறகு இந்த நாட்டு நுளம்பு கடித்து மலேரியா பரவுவது நின்றுபோனது. 2016 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. 1999 இல்கூட வருடத்துக்கு இரண்டரை இலட்சம் பேருக்கு மேல் மலேரியா கண்ட நாடு இது. யுத்தத்துக்குள்ளும் வீடு வீடாக மருந்தடித்தவர்களையும், விரல் குத்தி இரத்தம் எடுத்தவர்களையும், இரவிரவாக நுணுக்குக்காட்டியில் பார்த்தவர்களையும் நாங்கள் மறக்கக்கூடாது.

ஆனால் இந்த நல்ல செய்திக்குள் ஒரு எச்சரிக்கையும் இருக்கிறது. இன்று 10 வயது, 12 வயது உள்ள எங்கள் பிள்ளைகளின் உடம்பு மலேரியாவை ஒருநாளும் கண்டதில்லை. முன்பு கண்ட பெரியவர்களின் உடம்பும் அதை மறந்துவிட்டது. நாங்கள் எல்லோரும் இப்போது அந்த ஹவாய்ப் பறவைகள் மாதிரி, பழகாத உடம்பு உள்ளவர்கள். நுளம்பு இன்னும் இருக்கிறது. கிருமி மட்டும்தான் இல்லை. அதுவும் வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களின் இரத்தத்தில் வந்துகொண்டுதான் இருக்கிறது.

இது வெறும் பயமுறுத்தல் அல்ல. மூன்று விசயங்களைச் சொல்கிறேன்.

ஒன்று: 1963 இல் நாடு முழுவதும் 17 பேருக்குத்தான் மலேரியா இருந்தது. நோய் ஒழிந்தது என்று கை தளர்ந்தது. 1969 இல் ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்டோருக்குக் காய்ச்சல்.

இரண்டு: 2018 கடைசியில் மொனராகலை மாவட்டத்தில், வெளிநாட்டிலிருந்து வேலைக்கு வந்த ஒருவரிடமிருந்து நுளம்பு மூலம் எங்கள் நாட்டவர் ஒருவருக்கு மலேரியா தொற்றியது. உடனே கண்டுபிடித்து மருந்து கொடுத்தபடியால் அது அதோடு நின்றது. இரண்டு கிழமை பிந்தியிருந்தால் கதை வேறு.

மூன்று: 2016 கடைசியில் மன்னாரில் புதிய வகை அனோபிலிஸ் நுளம்பு ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. பின்னர் யாழ்ப்பாணத்திலும் காணப்பட்டது. இந்திய நகரங்களில் மலேரியாவைப் பரப்புகிற நுளம்பு இது. இது ஆற்றுக் குட்டையைத் தேடிப் போகாது. கிணற்றிலும், சீமெந்துத் தொட்டியிலும், வீட்டுத் தண்ணீர்த் தாங்கியிலும் பெருகும். கிணறும் தொட்டியும் இல்லாத வளவு எங்கள் பக்கத்தில் எங்கே இருக்கிறது?

8. எந்த நுளம்பு எங்கே பெருகும்?

கியூலெக்ஸ்: நாறுகிற கான், மலகூடக் குழி, தென்னை மட்டை ஊறப்போட்ட தண்ணீர். ஹவாயில் பறவை மலேரியாவைப் பரப்புவது இது. மனிதருக்கு யானைக்கால் நோயையும் காவும்.

மன்சோனியா: பூண்டு மூடிய குட்டை, ஓடாத வாய்க்கால். எங்கள் கோழிக்கு மலேரியா கொண்டு வருவது.

அனோபிலிஸ்: தெளிந்த தண்ணீர், ஆற்றுக் குட்டை, பாவிக்காத கிணறு, தொட்டி. மனித மலேரியா. கோடையில் கனகராயன் ஆறு வற்றித் தேங்கும்போதும், வயல் அறுத்த பின் பள்ளங்களில் தண்ணீர் நிற்கும்போதும் கவனம்.

ஈடிஸ்: சிரட்டை, டயர், யோகட் கோப்பை, பூச்சாடித் தட்டு, கூரைப் பீலி. டெங்கு. பகலில் கடிக்கும்.

நான்கு நுளம்பும் நான்கு விதமான தண்ணீரில் பெருகினாலும், நான்குக்கும் முட்டையிலிருந்து பறக்கிற நுளம்பு ஆவதற்கு எங்கள் சூட்டில் ஏறத்தாழ ஒரு கிழமையாவது எடுக்கும். ஆகவே கிழமைக்கு ஒருமுறை வளவைச் சுற்றி வந்து தண்ணீரை ஊற்றினால் அந்தச் சங்கிலி அறுந்துவிடும்.

9. நாங்கள் செய்ய வேண்டியவை

கோழி வளர்க்கும் வீடுகளுக்கு:

கோழிக்கூட்டை இரவில் பழைய நுளம்பு வலையால் மூடுங்கள். கிழிந்த வலை என்றாலும் தைத்துப் போடலாம். கோழிக்குத் தண்ணீர் வைக்கிற சட்டியை ஒவ்வொரு நாளும் ஊற்றிக் கழுவி வையுங்கள். கூட்டுக்குப் பக்கத்தில் சிரட்டை குவிக்க வேண்டாம்.

கோழி அம்மையையும் நுளம்பு காவுகிறது. அம்மை வந்த கோழியைக் குத்திய நுளம்பு அடுத்த கோழியைக் குத்தும்போது ஊசி போல அதைக் கொண்டு போகும். கொண்டையிலும் கண்ணிலும் பொக்குளம் போட்ட பிறகு அந்த நோயை மாற்ற மருந்து இல்லை. வர முன் செட்டைத் தோலில் குத்திப் போடுகிற தடுப்பு மருந்து உண்டு. உங்கள் பகுதிக் கால்நடை வைத்திய அலுவலகத்தில் விசாரியுங்கள். பத்துப் பேர் சேர்ந்து போனால் ஒரே நாளில் எல்லாக் கோழிக்கும் போட ஒழுங்கு செய்வது சுலபம்.

மனிதருக்குத் தருகிற மலேரியாக் குளிசையை உங்கள் எண்ணத்துக்குக் கோழிக்குக் கரைத்துக் கொடுக்க வேண்டாம்.

செத்த கோழியைக் காட்டோரத்திலோ வாய்க்காலிலோ எறிய வேண்டாம். ஆழமாகக் குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள். எங்கள் கோழியின் நோய் காட்டுக்கோழிக்கும் போகலாம். மலேரியாவுக்கு அது பழகியது என்பதற்காக எல்லா நோய்க்கும் பழகியது என்று அர்த்தமில்லை. காட்டுக்கோழியைப் பொறி வைத்துப் பிடிப்பதும் வேண்டாம். அது சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட பறவை.

எல்லா வீடுகளுக்கும்:

ஞாயிற்றுக்கிழமை காலை அரை மணித்தியாலத்தை நுளம்புக்கு என்று ஒதுக்குங்கள். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வளவைச் சுற்றி வாருங்கள். சிரட்டையைக் கவிழ்த்து வையுங்கள், அல்லது எரியுங்கள். தண்ணீர்த் தாங்கியை மூடுங்கள். பாவிக்காத கிணற்றுக்கும் தொட்டிக்கும் கப்பி மீன் விடலாம். அந்த மீனைக் குளத்திலோ ஆற்றிலோ விட வேண்டாம், அது அங்குள்ள மீனுக்குக் கேடு.

வெளிநாடு போய் வந்தவர்களுக்கு:

இந்தியாவுக்கு யாத்திரை போனவர்கள், உறவினரைப் பார்க்கப் போனவர்கள், முகாமிலிருந்து திரும்பி வந்தவர்கள், ஆபிரிக்காவுக்கு வேலைக்குப் போனவர்கள் எவரானாலும், திரும்பி வந்தபின் காய்ச்சல் கண்டால் பனடோலைப் போட்டுக்கொண்டு படுத்திருக்க வேண்டாம். அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போய், “நான் இன்ன நாட்டுக்குப் போய் வந்தனான், மலேரியாவுக்கு இரத்தம் சோதிக்க வேணும்” என்று நீங்களாகவே சொல்லுங்கள். மலேரியாவைக் கண்டு வளர்ந்த வைத்தியர்கள் குறைந்து வருகிற காலம் இது. நீங்கள் சொல்லாவிட்டால் டெங்கு என்று நினைத்துவிடலாம். சோதனையும் மருந்தும் இலவசம். போக முன்னரே போனால், வராமல் தடுக்கிற குளிசையையும் மலேரியாத் தடை இயக்கத்தினர் இலவசமாகத் தருகிறார்கள். போய் வந்து ஒரு வருடம் கழித்துக் காய்ச்சல் வந்தாலும் சொல்லுங்கள். ஒரு வகை மலேரியா ஈரலுக்குள் மாதக்கணக்கில் ஒளித்திருந்து பிறகு வெளியே வரும்.

தோட்டத்திலோ வயலிலோ வெளியூர் ஆட்கள் வேலைக்கு வந்தால் அவர்களை ஒதுக்கி வைக்க வேண்டாம். அவர்களுக்கும் காய்ச்சல் கண்டால் கூட்டிக்கொண்டு போய்ச் சோதித்து விடுங்கள். பழி போட்டால் அவர் நோயை மறைப்பார். மறைத்தால் நுளம்பு காவும்.

10. முடிவாக

ஹவாயில் இன்று மிச்சமுள்ள பறவைகளைக் காப்பாற்றப் பெரும் பாடு படுகிறார்கள். 2023 தொடக்கம் மாவுயித் தீவின் மலைக்காடுகளில், ஆராய்ச்சிக்கூடத்தில் வளர்த்த ஆண் நுளம்புகளை ஆகாயத்திலிருந்து விடுகிறார்கள். ஆண் நுளம்பு கடிக்காது. இந்த ஆணோடு சேர்ந்த பெண் நுளம்பு இடுகிற முட்டை பொரிக்காது. அப்படியாவது நுளம்பைக் குறைக்கலாம் என்று முயற்சி. எவ்வளவு பணம், எவ்வளவு உழைப்பு! அகிகிகி என்ற குருவி காட்டில் விரல் விட்டு எண்ணக்கூடிய அளவுக்கு வந்த பிறகு இந்த ஓட்டம்.

பறவைக்கு நுளம்பு என்றால் என்னவென்று தெரியாது. கப்பல் பீப்பாவைக் கழுவி ஊற்றியவனுக்கும் தெரியாது. எங்களுக்குத் தெரியும். சிரட்டையைக் கவிழ்க்க எங்களுக்குக் கை இருக்கிறது, காய்ச்சல் வந்தால் சொல்ல வாய் இருக்கிறது. இரண்டையும் பாவிப்போம்.

மாதர் சங்கக் கூட்டத்தில் பேசுவதற்குச் சில கேள்விகள்:

1. கோழி மலேரியா மனிதருக்குத் தொற்றுமா? ஏன்?
2. ஹவாய்ப் பறவைகள் செத்தன, எங்கள் காட்டுக்கோழி பிழைத்தது. காரணம் என்ன?
3. 1934, 1935 இல் வன்னியை விடக் கேகாலை, குருநாகல் பக்கத்தில் அதிகம் பேர் இறந்தது ஏன்?
4. உங்கள் வளவில் நான்கு வகை நுளம்பும் பெருகக்கூடிய இடங்கள் எவை? வீட்டுக்குப் போய்ப் பார்த்து எண்ணி வாருங்கள்.
5. உங்கள் குடும்பத்தில் பெரியவர்கள் வன்னிக்கு வந்த புதிதில் கண்ட காய்ச்சலைப் பற்றி என்ன சொல்கிறார்கள்? பிள்ளைகள் கேட்டு எழுதி வரவும்.